திருத்தப்படும் வரிக்கணக்கு

துலூத் நகரத்து ஏரியில் பனிக்கட்டி பிளக்கும் சத்தம் சமையலறை வரை கேட்கிறது. ஜன்னல் வெயில் விழும் மேசையில் மடிக்கணினியை வைத்து, மகள் மார்லா அப்பா போன வருடம் போட்ட வரிக்கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் அப்பா வெர்லின் ஆறிப்போன காபியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். காகித ஆலையிலிருந்து ஓய்வு பெற்றபோது அவருடைய சேமிப்பு முழுவதும் வேறொரு ஓய்வுக்காலக் கணக்குக்கு மாறியது. அப்படி மாறினால் வரி கிடையாது. “வேற கணக்குக்கு மாத்தினீங்களான்னு கேட்டிருக்கு. ஏம்ப்பா இல்லைன்னு போட்டீங்க?” “நானா மாத்தினேன்? பேங்க்காரன்தானே நேரா அனுப்பினான்.” மார்லா ‘ஆம்’ என்பதை அழுத்துகிறாள். திரையின் ஓரத்தில் சிவப்பாக நின்ற பதினாலாயிரம் டாலர் வரி சரசரவென்று இறங்கிப் பூஜ்யமாகிறது. “கட்டினது திரும்ப வந்துடும்ப்பா.” அதைக் கட்டத்தான் போன வருடம் அவரும் மனைவி நோரீனும் ஆரிகனுக்குப் போகும் பயணத்தை நிறுத்தினார்கள். அங்கே கடற்கரையில் நோரீனின் அக்கா இருக்கிறாள். “இன்னொரு தடவை சரியாப் பாருங்களேன்” என்று நோரீன் இரண்டு முறை சொன்னாள். “கம்ப்யூட்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா?” என்று இவர் எரிந்து விழுந்தார். அவள் பெட்டியிலிருந்து துணிகளை எடுத்துத் திரும்பவும் அலமாரியில் அடுக்கினாள். அடுத்த பக்கம் மனைவி இறந்த தேதியைக் கேட்கிறது. மார்லாவின் விரல்கள் அப்படியே நிற்கின்றன. “இங்க குடும்மா, நான் போடறேன்” என்று வெர்லின் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, ஒற்றை விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தட்டுகிறார்.