செண்பகவல்லியின் உப்பு

சமைத்த கையும் படத்தில் தெரிய வேண்டும் என்பது அந்த வாட்ஸ்அப் சமையல் குழுவின் சட்டம். இல்லையென்றால் எங்கோ சுட்ட படத்தைப் போட்டுவிடுவார்கள். செண்பகவல்லியின் முகம் தமயந்திக்குத் தெரியாது. கட்டைவிரலோரம் தீத்தழும்பும் ஒற்றைப் பச்சை வளையலுமாக ஞாயிறுதோறும் வரும் அந்தக் கையோடுதான் ஐந்து வருடச் சிநேகம். இரண்டு மாதமாகக் கை வரவில்லை. இன்று வந்த வத்தக்குழம்புப் படத்தில் கரண்டியைப் பிடித்திருந்தது மயிரடர்ந்த ஓர் ஆண் கை. கீழே எழுதியிருந்தது:

"செண்பகம் வீட்டுக்காரன்ங்க. அவ நோட்டைப் பாத்துத்தான் வச்சேன். உப்பு மட்டும் எழுதாமயே போயிட்டா. நாலு தடவை வச்சும் அவ ருசி வரல. எவ்வளவு போடுவான்னு யாராவது சொல்லுங்களேன்."

'கல்லுப்பு ரெண்டு ஸ்பூன்' என்று அடித்த தமயந்தி, அதை அழித்தாள். குழுவில் பதினோரு பேர். செண்பகவல்லியின் குழம்பை வாயில் வைத்துப் பார்த்தவர், கேட்கிற அவர் ஒருவர்தான்.