ஆமைக்கு எதிராக ஒரு கை

“அப்போ ஆமை முட்டை போடணும்னா நாங்க பட்டினி கிடக்கணும். அதானே மேடம் சொல்றீங்க?”

“அப்படிச் சொல்லலை ஐயா. இவ்வளவு நாள் நடந்த விதி நல்லதா, கெட்டதானு உங்க எல்லார் வாயாலயும் கேட்கத்தான் வந்திருக்கேன்.”

படகுச் சங்கத் தலைவர் மேசையை ஓங்கித் தட்டினார். மீன் ஏலக்கூடத்தின் ஈரத்தரையில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் சிரிப்பு எழுந்தது.

ஆமைகள் முட்டையிடும் பருவத்தில் வளைகுடாவுக்குள் வலை போடக்கூடாது. அதுதான் விதி. இந்தக் கூட்டம் இன்று விதி வேண்டாம் என்று கை தூக்கிவிட்டால் அது போய்விடும். மீன்வளத் துறையில் புதிதாக வேலைக்கு வந்திருந்த இளம் அதிகாரி கூடத்தில் இருந்த தலைகளை எண்ணிப் பார்த்தாள். விடியற்காலையில் கரையில் பார்த்த ஆமைக்குஞ்சுகள், யாரோ கடலை நோக்கி உருட்டிவிட்ட கறுப்புப் பொத்தான்களைப் போல அவள் கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்தன.

“விதியாவது மண்ணாவது! ஆமை என்ன நம்ம சங்கத்துக்குச் சந்தா கட்டுதா?” என்றார் தலைவர்.

பின்வரிசையில் அவருடைய மைத்துனன் எழுந்தான். வீட்டில் அத்தான் என்பவன் இங்கே மட்டும் தலைவரே என்பான்.

“தலைவரே, வளைகுடா வாயில இப்ப மீன் கூடியிருக்கா, இல்லையா?”

“அதுக்கும் ஆமைக்கும் என்னடா சம்பந்தம்?”

“உள்ள வலை விழாததால குஞ்சு மீனெல்லாம் பொழச்சு வளர்ந்து வெளிய வருது. அதைத்தான் அக்கா வறுத்துப் போடுறா. நீங்க முள்ளைக்கூட மிச்சம் வைக்கிறதில்ல.”

சிரிப்பு கட்சி மாறியது.

“பையன் சொல்றது சரிதான். எனக்கு ஐஸ் உடைச்சு மாளலை” என்றார் ஐஸ் கம்பெனிக்காரர்.

சுற்றுலாப் படகு ஓட்டும் பெண் சும்மா இருப்பாளா?

“ஆமையைப் பார்க்கத்தான் அண்ணே என் படகுல ஆள் ஏறுது. உங்க மூஞ்சியைப் பார்க்கவா?”

தலைவர் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார்.

“யார் என்ன சொன்னாலும் விதி வேணாம்! நான் சொல்றதுதான் முடிவு!”

“அதையும் பார்த்துடலாம்!” என்று கூடமே கத்தியது.

விதி தொடரலாம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னாள் அதிகாரி. ஏலத்தில்கூட அங்கே அத்தனை கைகள் எழுந்ததில்லை. எதிராக ஒரே ஒரு கை. அது தலைவருடையது.

கூட்டம் கலைந்ததும், வெளியே குழாயடியில் தனியாக முகம் கழுவிக்கொண்டிருந்த அவரைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது.

“மனசுல வச்சுக்காதீங்க ஐயா. இப்படி உங்களைத் தனியா விட்டுட்டாங்களே.”

தலைவர் கூடத்துக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. ஈர முகத்தோடு அவள் பக்கம் குனிந்து சிரித்தார்.

“விதி வேணும்னு நான் சொல்லியிருந்தா ஒரு பய கை தூக்கியிருப்பானா மேடம்? தலைவரானதுலேர்ந்து நான் கேட்ட எது இங்க நடந்திருக்கு? அடுத்த மாசம் சுறாவுக்கும் கூட்டம் வைக்கிறீங்களாமே… அதுல நான் எந்தப் பக்கம் கத்தணும்னு மட்டும் இப்பவே காதுல போட்டு வைங்களேன்.”