ஓடாத விசிறி

அப்பா பெல்ட்டை உருவியதும் சுகிர்தா உடம்பைக் கீழே விட்டுவிட்டு மின்விசிறிக்குப் போய்விடுவாள். ஆறு வயதில் பழகியது. கீழே அடி வாங்குகிற பெண்ணை மேலிருந்து பார்த்தால் வலிக்காது. இப்போது பதினாறு வயது. பள்ளி ஆலோசகர் வீட்டைப் பற்றிக் கேட்டாலும் மேலே போய்விடுகிறாள். கீழே இருப்பவள் "ஒண்ணுமில்ல மிஸ்" என்பாள்.

நேற்று தங்கைக்கு அடி விழும்போது அவளும் அண்ணாந்து விசிறியையே பார்த்தாள்.

இன்று ஆலோசகரின் அறைக்குள் நுழைந்ததும் சுகிர்தா விசிறியை நிறுத்தினாள்.

"வெந்துருவோம்மா!" என்றார் ஆலோசகர்.

"பரவால்ல மிஸ். அது சுத்துனா நான் போயிருவேன்."

இறக்கைகள் மெல்லத் தனித்தனியாகி நின்றன. அவள் நாற்காலியின் விளிம்பை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பொண்ண அவரு..." என்று தொடங்கினாள். வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கையை எடுக்கவில்லை.

"இல்ல மிஸ். என்னை. என்னைத்தான் அடிச்சாரு."