மூன்றாவது நோட்டீஸ்

புற்றின் கீழ்த்தளத்தில் குடியிருந்த சாரைப்பாம்பு மூன்று வருஷமாக வாடகை தரவில்லை. வருஷத்துக்கு ஒரு சட்டை உரித்துத் தருவதாகப் பேச்சு. வீட்டுக்காரி தாய்க்கரையான் வழக்குப் போட்டாள்.

நீதிபதி உடும்பு கறாராகச் சொன்னார்: “முதல்ல நோட்டீஸ் எழுதிக் குடு. அது பாம்புகிட்ட போய்ச் சேரணும். வாயால சொன்னா செல்லாது.”

நோட்டீஸைக் கொண்டுபோன நாலு கரையான்களும் வயிறு புடைக்கத் திரும்பி வந்தன. “வழியில பசிச்சிடுச்சும்மா.”

அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இரண்டாவதைப் பொறுப்பான ஏழு பேரிடம் கொடுத்தனுப்பினாள். தேதி போட்ட மூலை மட்டும் போய்ச் சேர்ந்தது.

இதுகளை நம்பிப் பிரயோஜனமில்லை என்று மூன்றாவதை அவளே தூக்கிக்கொண்டு போனாள்.

பாம்பு மரியாதையாகத் தலையை நீட்டியது. “குடுங்கம்மா, பார்த்துட்டு உடனே காலி பண்ணிடறேன்.”

தாய்க்கரையான் வாயைத் துடைத்துக்கொண்டாள். “விஷயம்தான் உனக்குத் தெரியுமே!”

“தெரியும். ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கேம்மா.”

வீடு திரும்பியவளைக் குஞ்சுகள் மொய்த்துக்கொண்டன. “அம்மா, அடுத்த நோட்டீஸ் எப்போ?”

“நாளைக்கே! அவனை நான் சும்மா விடப்போறதில்லை” என்றாள் அவள். “இந்தத் தடவை நாலு பக்கத்துக்கு எழுதச் சொல்லியிருக்கேன்.”