சனிக்கிழமை வகுப்பு

"சனிக்கிழமை ஒரு நாள்தான் அவளுக்குன்னு இருக்கு. அதையும் பிடுங்கி ஓவியப் பள்ளிக்குத் தாரை வார்க்கணுமா?"

ஸ்க்ரூடிரைவரைத் துடைத்தபடியே கணவர் கேட்டார். ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ஊரில் நின்றுபோன ஃப்ரிட்ஜையெல்லாம் ஓட வைப்பவர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒரு மாதமாக நின்ற இடத்திலேயே நின்றார்.

மகளுக்குப் பன்னிரண்டு வயது. வீட்டில் செல்லப் பெயர் வாலு. அம்மா வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் பழைய ரசீதுகள், ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டிகள், கரண்ட் பில்லின் பின்பக்கம் என்று எதையும் விட்டு வைக்காமல் வரைந்து தள்ளுவாள். போன வாரம் அப்பா தூங்குவதை வரைந்திருந்தாள். பார்த்தால் குறட்டைச் சத்தமே கேட்பது போல இருந்தது.

இப்படி ஒரு கையை முறையாகப் பழக்காமல் விடலாமா என்பதுதான் அம்மாவின் கவலை. சின்ன வயதில் பாட்டுக் கற்றுக்கொள்ள ஏங்கி, வீட்டில் கேட்க வாய் வராமலேயே வளர்ந்துவிட்டவள் அவள். மகளுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று நினைத்தாள்.

ஆனால் மகளும் பிடி கொடுக்கவில்லை. சனிக்கிழமை என்றால் தோழி வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். அம்மாவுக்குச் சனிக்கிழமையும் கடை உண்டு. அப்பாதான் பைக்கில் கூட்டிப் போய், கூட்டி வருவார். அப்பாவும் மகளும் எப்போதும் ஒரே கட்சி.

சனிக்கிழமை என்பதெல்லாம் சும்மா, கட்டணத்தை நினைத்துத்தான் மனிதர் மழுப்புகிறார் என்று அம்மாவுக்குத் தோன்றியது.

புதன்கிழமை மதிய இடைவேளையில், யாரிடமும் சொல்லாமல் அந்த ஓவியப் பள்ளியைப் பார்க்கப் போனாள். குளுகுளு அறை, பளபளக்கும் மேசைகள். சுவரில் பிள்ளைகள் வரைந்த இருபது படங்கள். இருபதிலும் அதே இரண்டு மலை, நடுவில் அதே சூரியன், அதே நான்கு பறவைகள். முன்பணம் கட்டினால் தூரிகைகள் இலவசம் என்று வரவேற்பில் இருந்த பெண் சொன்னாள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

கடைக்குத் திரும்பியதும், லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்த தோழியிடம் புலம்பித் தீர்த்தாள். தோழி தன் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள். அவளுடைய எட்டு வயது மகனுடையது.

முதல் பக்கங்களில் வெறும் கிறுக்கல். புரட்டப் புரட்டக் கை திருந்திக்கொண்டே வந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு ஷூ. ஒரு பக்கம் தேய்ந்த குதிகால், ஓட்டை விட்டு ஓட்டை கோத்த கயிறு, விரல் நுனி துருத்திய மேடு எல்லாம் அப்படியே இருந்தன.

"இதை யாருடி சொல்லிக் கொடுத்தா?"

"எங்க பின் தெருவுல, ஒரு மொட்டை மாடியில சனிக்கிழமை கிளாஸ் நடக்குது. காசே வாங்குறதில்ல. நான் இன்னும் போய்ப் பார்க்கல, நம்மளத்தான் சனிக்கிழமையும் இங்க ஆணி அடிச்சு வெச்சிருக்காங்களே. இவன் வாயைத் திறந்தா டீச்சர் இப்படிச் சொன்னாங்க, டீச்சர் அப்படிச் சொன்னாங்கதான். ரொம்பக் கண்டிப்பாம். ரப்பரைத் தொட்டா வெளியில நிக்கணுமாம்."

அவளுக்கு மனசு துள்ளியது. மகளுக்கு வேண்டியது இப்படி ஒரு டீச்சர்தான். காசே வாங்காத இடம் என்றால் கணவரும் இனி என்ன சொல்லித் தட்டிக்கழிப்பார்? முதலில் டீச்சரைப் பார்த்து மகளுக்கு ஓர் இடம் பிடித்துவிட்டு, பிறகு வீட்டில் சொல்லி இரண்டு பேர் வாயையும் அடைப்பது என்று முடிவு செய்தாள்.

சனிக்கிழமை முதலாளியிடம் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கினாள். தோழி சொன்ன அடையாளத்தை வைத்து வீட்டைக் கண்டுபிடித்து, மூன்று மாடி ஏறினாள். மூச்சு வாங்கியது. என்ன பேசுவது என்று படிக்குப் படி ஒத்திகை பார்த்துக்கொண்டாள். 'வணக்கம் டீச்சர். என் பொண்ணு நல்லா வரைவா. ஆனா யாராவது வழிகாட்டணும்...'

மாடிக் கதவு திறந்திருந்தது. தகரக் கூரையின் நிழலில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு ஸ்டூலின் மேல் நசுங்கிய வாளி. ஒருவரும் தலையைத் தூக்கவில்லை. அவ்வளவு அமைதி.

முன்வரிசையில் ஒரு சின்னப் பெண்ணின் நோட்டின் மேல் குனிந்திருந்த டீச்சர் நிமிர்ந்தார்.

காலையில் அவளே பின்னிவிட்ட இரட்டைச் சடை. வாலு.

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. மகள் அவளைக் கவனிக்கவில்லை. இடுப்பில் கை வைத்தபடி கடைசி வரிசைக்கு நடந்து போனாள்.

"வாளி இந்தப் பக்கம் நசுங்கியிருக்கு. உங்க படத்துல அது எங்க? மூணு வாரமா இதே தப்பு."

"அடுத்த சனிக்கிழமை சரியா வரைஞ்சிடுறேன் டீச்சர்" என்று தலையைச் சொறிந்தபடி எழுந்து நின்றார், அவள் கணவர்.