ஏழுக்குக் கீழே

கிட்ட வந்து உட்காருங்க. இதை உரக்கச் சொன்னால் ஒருத்திக்கு வேலை போய்விடும்.

வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றில், போனில் புகார் கேட்கிற வேலை அவளுக்கு. பன்னிரண்டு வருஷம். "சாரி சார், சாரி மேடம், நாளைக்கு மெக்கானிக் வந்துடுவார்" என்று சொல்லிச் சொல்லியே ஆபீசில் அவள் பெயர் சாரிக்கா ஆகிவிட்டது.

முப்பத்தாறு வயசில் அவளுக்கு ஒரு யோசனை. 'வருவார், வருவார் என்று எத்தனை நாள்தான் சொல்வது? அந்த மெக்கானிக்காக நானே போனால் என்ன?'

வகுப்பில் சேர்ந்துவிட்டாள். மெஷின் ரிப்பேர் படிப்பு, ஐந்து மாதம். தினமும் மதியம் மூன்று மணிக்கு வகுப்பு. மொத்தத்தில் மூன்று நாள் மட்டம் போட்டால் பெயரை அடித்துவிடுவார்கள்.

ஆபீசில் மூச்சு விடவில்லை. வேறு வேலைக்குப் படிக்கிறாள் என்று தெரிந்தால் முதல் ஆளாக அவளைத்தான் அனுப்புவார்கள். பக்கத்து சீட்டுக்காரியிடம் மட்டும், போனை ம்யூட்டில் போட்டுவிட்டு, ஒருநாள் வாய்விட்டாள்.

"திங்கட்கிழமை எனக்கு மதிய ஷிப்ட் வருதுடி. வகுப்பு போச்சு."

"டீம் லீடர்கிட்ட கேட்டுப் பாருங்கக்கா."

"யாரு, கத்திரிகிட்டயா? அதுக்கு நான் நேரா வீட்டுக்கே போயிடலாம்."

கத்திரி என்பது டீம் லீடருக்கு ஆபீஸ் வைத்த பெயர். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எல்லோர் பேச்சையும் கேட்பாள். வெள்ளிக்கிழமைதோறும் பத்துக்கு மார்க் போடுவாள். போடுவதாவது, வெட்டுவாள்.

அந்த வெள்ளிக்கிழமை சாரிக்காவுக்கு ஐந்து.

ஏழுக்குக் கீழே போனவர்களுக்குத் தண்டனை உண்டு. ஷிப்ட் மாறாது. காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை, கத்திரியின் கண்ணெதிரிலேயே உட்கார்ந்து பேச வேண்டும். ஐந்து மாதத்தில் தேறாவிட்டால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள்.

வகுப்புக்கு ஓட முடிந்தது, அந்த மட்டுக்கும் சரி. ஆனால் படிப்பு முடிவது முதலா, வேலை போவது முதலா? இந்தக் கவலையிலேயே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் ஆறு. அதற்கடுத்து ஐந்தரை. மறுபடி ஆறு.

"நீ என்ன, அந்தப் பொம்பளை சோத்துல மண்ணா போட்டே?" என்றான் வீட்டுக்காரன்.

"தெரியலைங்க. முன்னெல்லாம் எட்டுக்குக் குறைஞ்சு வாங்கினதே இல்ல."

"நான் வந்து நாலு வார்த்தை கேக்கட்டுமா?"

"வேணாம் சாமி. இருக்கறதும் போயிடும்."

வகுப்பில் மெஷினைக் கழற்றி மாட்டியதில் நகமெல்லாம் கிரீஸ். தேய்த்தும் போகாமல், மேலே அடர்சிவப்பில் நெயில் பாலிஷ் பூசிக்கொண்டு போனாள். கத்திரியின் கண்ணில் அதுவும் பட்டது.

"என்னம்மா, பேச்சுல இல்லாத கவனம் நகத்துல இருக்கு?"

சுற்றிலும் சிரித்தார்கள். சாரிக்கா கையை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். கிரீஸ் தெரிந்துபோயிருக்குமோ என்று பயம்.

நாலாவது மாதம், ஒரு அம்மாவிடமிருந்து மேனேஜருக்குக் கடிதம் வந்தது. மெஷின் கதவு இறுகி, பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்பெல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டதாம். உங்கள் ஆபீஸ் பெண் அரை மணி நேரம் பொறுமையாக வழி சொல்லி, போனிலேயே திறக்க வைத்துவிட்டாள், அவள் நன்றாக இருக்கட்டும் என்று எழுதியிருந்தாள்.

மேனேஜர் கடிதத்தோடு சாரிக்காவின் சீட்டுக்கே வந்தார். "இந்த வாரம் இவங்களுக்குப் பத்து!"

"அந்தப் போன் பேச்சை நானும் கேட்டேன் சார்," என்றாள் கத்திரி. "நடுவுல சிரிச்சாங்க."

"சிரிச்சா என்ன?"

"வாடிக்கையாளர் கஷ்டத்துல இருக்கறப்ப சிரிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சார் ரூல்ஸ் போட்டீங்க? ஆறரை. அதுக்கு மேல கை வரல."

மேனேஜர் கடிதத்தை மடித்துக்கொண்டு போய்விட்டார். சாரிக்கா பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். இப்படியும் ஒரு ஜென்மம் இருக்குமா என்று ஆபீசே திட்டித் தீர்த்தது.

கெடுவுக்கு நான்கு நாள் இருக்கும்போது பரீட்சை. எழுதினாள். தேறிவிட்டாள். மறுநாளே இன்னொரு கம்பெனியில் மெக்கானிக் வேலை கிடைத்தது.

ராஜினாமாக் கடிதத்தைக் கத்திரியின் மேஜையில் வைத்தாள். பன்னிரண்டு வருஷம் சாரி சொன்ன வாய், அன்றைக்குத்தான் கேள்வி கேட்டது.

"போறப்ப ஒண்ணு கேக்கறேன் மேடம். மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க. என் பேச்சுல அப்படி என்ன குறை?"

கத்திரி நிமிரவில்லை. "ஒரு குறையும் இல்ல. பத்துக்குப் பத்து."

"அப்புறம் எதுக்கு…"

"பத்து போட்டிருந்தா மதிய ஷிப்டுக்குப் போயிருப்பே. மூணு மணி வகுப்புக்கு உங்க தாத்தாவா போவாரு?"

"உங்களுக்கு… எப்படித் தெரியும்?"

"ம்யூட் போட்டா வாடிக்கையாளருக்குத்தாம்மா கேக்காது. எனக்குக் கேக்கும்."

மேலே பேச வந்தவளைக் கத்திரி கையமர்த்தினாள். ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். மூன்றாவது வரிசையில் நெட்டையாக ஒருத்தன், வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்து சீட்டில் எதையோ கிசுகிசுத்துக்கொண்டிருந்தான்.

"நர்ஸ் படிப்பாம்," என்று முணுமுணுத்தாள் கத்திரி. "நாலு மணிக்காம்."

மார்க் தாளை இழுத்தாள். அவன் பெயருக்கு நேரே ஒன்பது என்று இருந்தது. அதை வெட்டிவிட்டு ஐந்து போட்டாள்.