சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

பள்ளிக்கூட மைதானத்தில் புதிதாக நட்டிருந்த தூணின் உச்சியில், கவிழ்த்த கிண்ணம்போல் வெள்ளையாக ஜிபிஎஸ் கருவி இருந்தது. "இது வருஷத்துக்கு அஞ்சு சென்டிமீட்டர் வடகிழக்கா நகருது. தூண் மட்டுமில்ல, நம்ம ஊரே நகருது," என்றாள் ஆசிரியை தமயந்தி. கூடியிருந்த மீனவப் பெண்கள் சிரித்தார்கள். அஞ்சலாட்சி சிரிக்கவில்லை.

கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த அவள் கணவரை அந்தப் பெரிய அலை கொண்டுபோய் இருபது வருடம் ஆகிறது. உடல் கிடைக்கவில்லை. வருடாவருடம் அதே நாளில், கோயில் கோபுரமும் கலங்கரை விளக்கமும் ஒன்றன்பின் ஒன்றாக நேராகத் தெரியும் இடத்தில் நின்று கடலில் பால் ஊற்றுவாள். இடம் தவறாமலிருக்க அப்படித்தான் அடையாளம் வைக்க வேண்டும் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்.

"இருவது வருசத்துல ஒரு மீட்டரு ஆச்சே. அப்ப நான் அவர வுட்டு வெலகி வந்துட்டனா டீச்சர்?"

"இல்லக்கா. கடலடியும் நம்மகூடவேதான் நகருது. எல்லாம் ஒரே பாறைத் தட்டு."

"எதுவரைக்கும்?"

தூணில் சாய்த்து வைத்திருந்த வரைபடத்தில், அந்தமானை ஒட்டி ஓடும் சிவப்புக் கோட்டைத் தமயந்தி தொட்டுக் காட்டினாள். அந்த அலை கிளம்பியதும் அங்கிருந்துதான் என்று சற்று முன்புதான் சொல்லியிருந்தாள்.

அஞ்சலாட்சி எழுந்து வந்தாள். ஊரின் மேல் விரலை வைத்து, கடல் வழியே மெல்லக் கிழக்கே நகர்த்திக்கொண்டு போனாள். கோட்டைத் தொடுவதற்குச் சற்று முன்னால் விரல் நின்றுவிட்டது.

"இதுக்கு இந்தப் பக்கந்தான் இருப்பாரு, இல்ல?"